காரணம் எழுதாத கோப்புகள்

மதுரையில் மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் காரணம் சொல்லாத ஆளே கிடையாது. மின்வெட்டு என்பார் ஒருவர், பஞ்சு விலை என்பார் இன்னொருவர். பங்காளிச் சண்டை, சங்கத் தகராறு, மில்லை ஓட்டுவதைவிட மில் நிற்கும் இடத்தை மனை போட்டு விற்றால் லாபம் என்ற கணக்கு, இப்படி டீக்கடைக்கு ஒரு காரணம் உண்டு. இந்த வரிசையில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு காரணத்தைத்தான் நான் தேடிப் போனேன்: வெளிநாட்டுச் சரக்கு. நூலோ துணியோ மலிவாக வந்து இறங்கியதால் இன்னாருக்கு வேலை போனது என்று எந்த அரசு அலுவலகத்திலாவது, எந்தக் கோப்பிலாவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அதற்காக அந்த ஆளுக்கு ஏதாவது கொடுத்தார்களா?

கேள்வியைக் கிளப்பியது அமெரிக்கா. கென்னடி காலத்தில், 1962இல், இறக்குமதி வரியைக் குறைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, அதனால் வேலை இழப்பவர்களுக்கு அரசே உதவும் என்று அதற்குள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 1974இல் விதிகளைத் தளர்த்தினார்கள். மூன்று தொழிலாளர் சேர்ந்து மனுப்போட்டால் போதும். தொழிலாளர் துறை விசாரித்து, இறக்குமதியால்தான் இந்த ஆலையில் வேலை போனது என்று சான்று தரும். அதை வைத்து வாராந்தர உதவித்தொகையும் வேறு தொழிலுக்கான பயிற்சியும் வாங்கலாம். ஏற்பாடு ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. 1969 வரை ஒரு தொழிலாளர் மனுவுக்குக்கூடச் சான்று கிடைக்கவில்லை. 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களைப் பரிசீலிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்த ஊரில் காரணம் காகிதத்தில் இருக்கிறது. நம் ஊரில் அதற்கு ஈடான காகிதம் எங்கே என்பதுதான் என் தேடல்.

மதுரைக்கு மேற்கே ஓர் ஊரில் ஒரு பழைய மில் தொழிலாளி தன் காகிதக் கட்டைப் பிரித்துக் காட்டினார். ரிங் பிரேமில் வேலை பார்த்தவர். மில்லின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். பேருந்துச் சீட்டைவிடக் கொஞ்சம் அகலமான சம்பளச் சீட்டுகள், பி.எஃப். கணக்குத் தாள்கள், ஓரம் தேய்ந்த இ.எஸ்.ஐ. அட்டை. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தைவிடப் பஞ்சப்படி பெரிய தொகையாக நின்றது. அந்தக் காலத்துப் பஞ்சாலைச் சீட்டு எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். கட்டில் இல்லாத காகிதம் ஒன்றே ஒன்று. மில் மூடப்பட்டது என்று சொல்லும் காகிதம்.

“மில்லை மூடுனப்ப நோட்டீஸ் ஒண்ணும் கொடுக்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“மூடவா செஞ்சாக? பூட்டுனாக தம்பி. அம்புட்டுத்தான். கரண்டு பில்லு கட்டலைன்னாக, பஞ்சு வரலைன்னாக. நாளைக்குத் தெறப்பாக, நாளான்னைக்குத் தெறப்பாகன்னு கேட்டுல போயி நின்னுக்கிட்டே இருந்தோம்.”

அப்போது இதை வழக்கமான ஆதங்கமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் சட்டத்தின் முடிச்சு முழுவதும் இருந்தது என்பது விதிகளைப் படித்தபோது புரிந்தது.

முதலில் கிடைத்த நூல்முனை ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம். 1985 ஜூனில் மத்திய அரசு புதிய ஜவுளிக் கொள்கையை அறிவித்தது. தேறாத மில்களைக் கையிலெடுத்துக் காப்பாற்றிக்கொண்டே இருக்க முடியாது, மூடவேண்டியவை மூடட்டும், தொழிலாளிக்கு மட்டும் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்வோம் என்பது அதன் போக்கு. அந்த ஏற்பாடுதான் 1986 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த இந்தத் திட்டம். மில் நிரந்தரமாக மூடப்பட்டால் முதலாண்டு சம்பளத்தில் 75 விழுக்காடு, இரண்டாமாண்டு 50, மூன்றாமாண்டு 25, அத்தோடு சரி. கூட்டிப் பார்த்தால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்துப் பதினெட்டு மாதச் சம்பளம். மாதம் 2,400 ரூபாய் வாங்கிய ஒருவருக்கு முதலாண்டு மாதம் 1,800, அடுத்து 1,200, கடைசியில் 600. மொத்தம் 43,200 ரூபாய். இன்றைக்கு அற்பமாகத் தெரியலாம். எண்பதுகளின் கடைசியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கவோ ஒரு பெட்டிக்கடை போடவோ அது போதும்.

விதிகளை எழுதியவர் யாரோ, சில இடங்களில் மனிதரை நினைத்து எழுதியிருக்கிறார். மில் வேலை போனவர் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் உதவி நிற்காது. பதிவுபெற்ற வேறு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தால்தான் நிற்கும். அந்தப் பணத்தை வேறு எந்தக் கடனுக்கும் ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே விதிகளில் வேறு சில வரிகள் இரும்புக் கதவு மாதிரி. ஐந்தாண்டுத் தொடர் வேலை வேண்டும், பதிலித் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. முதலில் 2,500 ரூபாய், 1993 ஏப்ரலுக்குப் பின் மூடிய மில்களுக்கு 3,500. பஞ்சப்படி ஏறிக்கொண்டே போக, நீண்ட காலம் வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிதான் முதலில் இந்த வரம்பில் முட்டுவார். எல்லாவற்றிலும் பெரிய கதவு இன்னொன்று: மில்லை மூடுவதற்குத் தொழில் தகராறு சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி மாநில அரசின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் வழியாக அதிகாரபூர்வக் கலைப்பாளர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பூட்டிய மில்லுக்கு இரண்டுமே இருக்காது. அனுமதி கேட்டால் அரசு மறுக்கலாம். கொடுத்தாலும் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் வீதம் இழப்பீட்டை எண்ணி வைக்க வேண்டும். சம்பளத்தை நிறுத்தி, மின் இணைப்பு துண்டிக்கப்படும்வரை காத்திருந்து, கேட்டில் ஒரு பூட்டுப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அந்த மில் மூடப்படவே இல்லை. மூடாத மில்லின் தொழிலாளிக்கு மறுவாழ்வு எதற்கு? கேட்டில் நின்ற ஆள் நின்றபடியே நிற்க, திட்டத்தின் பணம் கோப்பைத் தாண்டி வெளியே வராது. தனியார்தான் இப்படி என்றில்லை. தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்கள், பரமக்குடிக்குப் பக்கத்தில் கமுதக்குடியில் உள்ள பயனியர் ஸ்பின்னர்ஸ் உட்பட, 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அவை மூடவும் இல்லை, ஓடவும் இல்லை.

இந்தத் திட்டம் 2017 ஏப்ரல் 1இல் இ.எஸ்.ஐ.யின் ராஜீவ்காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இப்போது இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை உண்டு. முதல் பன்னிரண்டு மாதம் பாதிச் சம்பளம், அடுத்த பன்னிரண்டு மாதம் கால்பங்கு. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலையோடு தொடர்பில்லாத காயத்தால் நிரந்தர ஊனம் ஆகியவை அதற்குத் தகுதியான நிலைகள். எந்தத் திட்டமும் ஆலை ஏன் மூடியது என்று கேட்பதில்லை. மூடியதா என்று மட்டுமே கேட்கிறது.

சரி, மூடுவதற்கு அனுமதி கேட்கும் மனுவிலாவது காரணம் இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. 25-ஓ பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருந்தது. மூடுவதற்குத் தொண்ணூறு நாளுக்கு முன்பே மாநில அரசுக்கு மனுப்போட வேண்டும். அதில் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன் நகலைத் தொழிலாளர் பிரதிநிதிக்குத் தர வேண்டும். ஓர் ஆலை தன் சாவுக்கான காரணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கும் ஆவணம் இது.

இங்கே மதுரைக்கு ஒரு பெருமை உண்டு. ஆட்குறைப்புக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்கிற 25-என் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டது. கருமுத்து தியாகராசர் நிறுவிய மதுரை மீனாட்சி மில்லின் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1992இல் அரசியல் சாசன அமர்வு அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அனுமதி கொடுத்தாலும் மறுத்தாலும் அரசு மனம்போன போக்கில் செய்ய முடியாது, இரு தரப்பையும் கேட்டுக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். தொழிலாளர் சட்டம் படிக்கும் மாணவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் மீனாட்சி மில் என்ற பெயரைக் கடக்காமல் பட்டம் வாங்க முடியாது. மதுரையிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள். காரணத்தைக் காகிதத்தில் எழுது என்று அரசையே பணிய வைத்த ஊர் இது.

சட்டத்தில் இன்னோர் இடத்திலும் இறக்குமதியின் சாயல் தெரிந்தது. மூடலுக்கான இழப்பீட்டைச் சொல்லும் 25-எஃப்.எஃப்.எஃப். பிரிவு 1957இல் சேர்க்கப்பட்டது. முதலாளியின் கைமீறிய காரணத்தால் மூட நேர்ந்தால் இழப்பீடு மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்று ஒரு சலுகை அதில் இருந்தது. உடனே ஒரு விளக்கமும் வந்தது: பண நெருக்கடியோ நட்டமோ கைமீறிய காரணம் ஆகாது, விற்காமல் சரக்கு தேங்கிக் கிடப்பதும் ஆகாது. வெளிநாட்டு நூல் வந்து சந்தையை நிரப்பினால் உள்ளூர் மில்லின் கிடங்கில் நடப்பது இதுதான். சட்டம் அதைப் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, அது முதலாளியின் பாடு, தொழிலாளிக்கு முழு இழப்பீட்டையும் கொடுத்துவிட்டுப் போ என்கிறது. தொழிலாளி பக்கம் நிற்கும் வாசகம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரியைக் குறைத்துச் சந்தையைத் திறந்துவிட்ட அரசுக்கு இதில் எந்தப் பாடும் இல்லை. 2000, 2001 ஏப்ரல்களில் 714, 715 பொருள்களாக இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் விலகின. 2011இல் வங்கதேசத்தின் 46 ஆடை வகைகளுக்கு வரியில்லாமல் வழி திறந்தது. முடிவு தில்லியில். தேங்கிய சரக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பும், ஏற்கெனவே நட்டத்தில் கிடக்கும் உள்ளூர் முதலாளியிடம்.

தொழிலாளர் சட்டத்தில் வழி அடைபட்டதும் வணிகச் சட்டத்துக்குப் போனேன். சுங்கக் கட்டணச் சட்டம் 1975, அதன் கீழ் 1995இல் வந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிகள், 1997இல் வந்த பாதுகாப்பு வரி விதிகள். தேடிய பொருள், போக நினைத்தே இராத இடத்தில் கிடந்தது. வெளிநாட்டுச் சரக்கு விலை குறைத்துக் கொட்டப்படுகிறது, கூடுதல் வரி போடுங்கள் என்று ஓர் உள்நாட்டு நிறுவனம் மனுப்போட்டால், தனக்குப் பாதிப்பு ஏற்பட்டதைக் காட்ட வேண்டும். பாதிப்பை அளக்கும் அம்சங்களில் விற்பனை, லாபம், இருப்பு இவற்றோடு வேலைவாய்ப்பும் கூலியும் சேர்ந்திருக்கின்றன. பாதுகாப்பு வரி கேட்டு மனுப்போடுபவர் இன்னொன்றும் செய்ய வேண்டும்: இறக்குமதிப் போட்டிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள என்ன செய்கிறார், என்ன செய்யப் போகிறார் என்று எழுதித் தர வேண்டும். அமெரிக்காவில் பயிற்சி கொடுத்துத் தொழிலாளிக்குச் சொன்ன அதே மாற்றம். இந்தியாவில் அது நிறுவனத்துக்கான ஏற்பாடு.

வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககத்தின் இறுதி முடிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஓர் அட்டவணை வரும்: ஊழியர் எண்ணிக்கை, கூலி, ஒரு நாள் உற்பத்தித்திறன். நிறுவனத்தின் ரகசியம் காக்க வேண்டும் என்பதால் பல அட்டவணைகளில் உண்மையான எண் இருக்காது. அடிப்படை ஆண்டை நூறு என்று வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டுகளைக் குறியீட்டெண்ணாகக் காட்டுவார்கள். ஆலையில் இருந்தவர்கள் முந்நூறு பேரா மூவாயிரம் பேரா என்று தெரியாது. நூறாக இருந்தவர்கள் குறைந்தால் அது பாதிப்புக்குச் சான்று. அந்தச் சான்றை வைத்து வரி விதிக்கப்படும். வரிப்பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். சந்தையில் விலை ஏறும், அதன் பலன் நிறுவனத்துக்கு. குறியீட்டெண்ணிலிருந்து கழிந்துபோனவருக்கு ஒன்றும் இல்லை. இறக்குமதியால் வேலை போனது என்று இந்திய அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான். பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், ஒரு விழுக்காட்டுக் கணக்காக ஒப்புக்கொள்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. 2010இல் சீனா, இந்தோனேசியாவிலிருந்து வரும் விஸ்கோஸ் பஞ்சுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தார்கள். இங்கே அந்தப் பஞ்சைத் தயாரிப்பதில் பெரும்பங்கு கிராசிம் நிறுவனத்துடையது. அதை வாங்கி நூலாக நூற்பவை தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல. திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களும் இதில் சேர்த்தி. மூலப்பொருளின் விலை ஏற, வெளிநாட்டு விஸ்கோஸ் நூலோ உள்ளூர் நூலைவிட மலிவாக வர, வரியை நீக்குங்கள் என்று நூற்பாலைகள் ஆண்டுக்கணக்கில் கேட்டன. 2021 ஆகஸ்டில்தான் நீக்கினார்கள். பஞ்சைத் தயாரிக்கும் ஆலையின் தொழிலாளி ஒரு குறியீட்டெண்ணாகவாவது அட்டவணையில் இருந்தார். அந்த வரியின் சுமையைத் தாங்கிய நூற்பாலையின் தொழிலாளிக்கு அந்த இடம்கூட இல்லை.

இந்த நிலையில்தான் தேடல் பின்னோக்கிப் போனது. ஒருவருக்குப் பாதுகாப்பு என்று போட்ட வரி இன்னொருவர் தலையில் விடிவது நமக்குப் புதிதா என்று பார்த்தால், தொண்ணூறு ஆண்டுக்கு முன்பு இதே கதை மதுரையிலேயே நடந்திருக்கிறது. அப்போது அரசு வேறுமாதிரி நடந்துகொண்டது.

ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் பஞ்சாலை தொடங்கியது ஊரறிந்த கதை. 1974இல் மதுரா கோட்ஸ் ஆன பிறகும் மதுரைக்காரர்களின் வாயில் அது ஹார்வி மில்தான். துணியைவிட நூல்தான் அவர்களுக்குப் பெரிய வியாபாரம். அந்த நூலை வாங்கியவர்கள் கைத்தறிக்காரர்கள். 1920களில் ஜப்பான் நூலும் துணியும் வந்து குவியத் தொடங்கின. பம்பாய் மில் முதலாளிகள் கூக்குரல் எழுப்ப, பிராங்க் நாய்ஸ் தலைமையில் சுங்க வாரியம் விசாரித்தது. அங்கே பெண்கள் இரவு ஷிப்டிலும் வேலை பார்க்கிறார்கள், இங்கே சட்டம் தடுக்கிறது, இது சமமான போட்டி அல்ல என்பது அப்போதே எழுந்த வாதம். 1927இல் இறக்குமதி நூலுக்கு ராத்தலுக்குக் குறைந்தது ஒன்றரை அணா வரி வந்தது. 1930இல் துணிக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1933 ஜூனில் பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு வரி 75 விழுக்காடு வரை ஏறியது. ஜப்பான் ஆலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மாட்டோம் என்றன. 1934இல் இரு நாடுகளும் உடன்படிக்கைக்கு வந்தன.

மில்லுக்கு இது லாபம். நூலை விலைக்கு வாங்கி நெய்பவருக்கு? நூல்வரி அவர் தலையில் விழுந்தது. மதுரையின் தறிக்காரத் தெருக்களில், சௌராஷ்டிரர் வீடுகளில், உயர்ந்த நம்பர், அதாவது மெல்லிய, நூலுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்தார்கள். துணி வரியின் பலன் மில் துணிக்குப் போக, நூல் வரியின் சுமை தறிக்கு வந்தது. அரசு இதை ஒப்புக்கொண்டதுதான் வியப்பு. 1934இல் நூல், துணி வரிகளைத் திருத்திச் சட்டம் வந்தபோது, 50ஆம் நம்பர் வரையுள்ள இறக்குமதி நூலுக்கு ராத்தலுக்குக் காலணா வீதம் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு ஈடான பணத்தை மாகாணங்களுக்குப் பிரித்துக் கைத்தறித் தொழிலுக்குக் கொடுப்பது என்று இந்திய அரசு முடிவெடுத்தது. சென்னை மாகாணத்துக்கு வந்த பங்கின் துணையோடு 1935இல் நெசவாளர்களுக்கான மாகாணக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. இன்றைக்குத் தீபாவளித் தள்ளுபடிக்கு நாம் வரிசையில் நிற்கும் கோ-ஆப்டெக்ஸ் அதுதான்.

இறக்குமதி வரியிலிருந்து ஒரு துளியை எடுத்து, அந்த வரிக்கொள்கையால் அடிபட்டவர் கையில் சேர்க்கும் ஏற்பாடு அமெரிக்கச் சட்டத்துக்கு இருபத்தெட்டு ஆண்டு முன்பே, காலனி அரசின் கஞ்சத்தனத்துக்கு நடுவே, இங்கே இருந்திருக்கிறது. பணம் போதவில்லை, சங்கத்துக்குள் வந்தவருக்குப் பயன்பட்டதே தவிர, மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்தவரிடம் போய்ச் சேர்வது கடினம். பி.ஜே. தாமஸ் தலைமையில் கைத்தறியும் மில்லும் பற்றி 1942இல் வந்த உண்மையறியும் குழு அறிக்கையைப் படித்தால், நெசவாளரின் நிலை காலணாவால் நிமிரவில்லை என்பது தெரியும். ஆனால் நெறி சரியாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதை ஒருமுறை கையாண்டார்கள். 1953இல் மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று பை, அதாவது பழைய காலணா, கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்கினார்கள். தறிக்காரரை அடித்த மில் துணியே தறிக்காரருக்குப் பணம் கட்டியது.

பஞ்சாலைத் தொழிலாளிக்கு மட்டும் இப்படி ஒரு காலணா எப்போதும் இருந்ததில்லை. 1986 திட்டத்துக்குப் பணம் பொது வரவுசெலவிலிருந்து வந்தது, இறக்குமதி வரியோடு அதற்கு உறவில்லை. 1992இல் அமைத்த தேசியப் புதுப்பிப்பு நிதி, மறுபயிற்சி என்று பேசிவிட்டுப் பெரும்பாலும் பொதுத்துறை ஆள்களுக்கு விருப்ப ஓய்வுப் பணம் கொடுப்பதிலேயே தீர்ந்தது. தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி ஒன்று இருக்கிறது: ஆட்குறைப்பு செய்யும் முதலாளி ஆளுக்குப் பதினைந்து நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும். அதுவும் ஆட்குறைப்புக்கு மட்டும். மூடலுக்கு அனுமதி வாங்க வேண்டிய ஆலையின் அளவும் நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. இனி இருநூறு பேர் வேலை பார்க்கும் நூற்பாலை மூடுவதற்கு அனுமதி மனுவே தேவையில்லை. அனுமதிக்காகக் காரணம் எழுதவும் வேண்டாம்.

மதுரைக்குத் தெற்கே தீப்பெட்டித் தொழிலிலும் இதே பாணி. சீன லைட்டர் வந்து தீப்பெட்டியை அடிக்கிறது என்று கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக்காரர்கள் முறையிட்டார்கள். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை, 2024 அக்டோபரில் உதிரிப் பாகங்களுக்கும் தடை. எல்லையில் கதவடைத்தது நல்லதுதான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேலை நாள் குறைந்த, பெட்டிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு அந்தத் தடை ஆணைகளில் ஒரு வரிகூட இல்லை.

வரிப்பணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்தால் உலக வணிக அமைப்பு ஒப்புக்கொள்ளாதே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா 2000இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரிப்பணத்தை மனுப்போட்ட நிறுவனங்களுக்கே பிரித்துக் கொடுக்கச் சட்டம் போட்டது. 2003இல் அது தவறு என்று தீர்ப்பு வந்தது. அங்கே பணம் போனது நிறுவனத்துக்கு. வேலை இழந்த தொழிலாளிக்கு அரசு உதவுவதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியமே அதற்கென்று ஒரு நிதி வைத்திருக்கிறது. இங்கே செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. வணிகத் தீர்வுகள் இயக்ககம் பாதிப்பு உண்டு என்று முடிவெடுக்கும்போது, குறியீட்டெண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆலைகளின் பட்டியலை இ.எஸ்.ஐ.க்கும் மாநிலத் தொழிலாளர் துறைக்கும் அனுப்ப வேண்டும். அந்த ஆலை பூட்டப்பட்டிருந்தால், மூடல் அனுமதிக்காகக் காத்திராமல் உதவித்தொகையைத் தொடங்க வேண்டும். ஒரு சுற்றறிக்கையும் விதித் திருத்தமும் போதும்.

அதுவரை என் தேடல் பாதியில்தான் நிற்கும். மீதிப் பாதி வீடுகளில் இருக்கிறது. 25-ஓ மனுவின் நகலைத் தொழிலாளர் பிரதிநிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. ஆகவே மதுரை, திருப்பரங்குன்றம், பரவை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் பழைய சங்கத் தலைவர்களின் வீட்டுப் பரணிலும், அவர்கள் பிள்ளைகளின் அலமாரியிலும் அந்த நகல்கள் சில இருக்கத்தான் வேண்டும். மஞ்சளேறிய காகிதம்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மில்லின் பெயர், தேதி, ‘காரணம்’ என்று தொடங்கும் பத்தி, இந்த மூன்றும் இருந்தால் போதும். ஒரு படி எடுத்து, பக்கத்தில் இருக்கும் கல்லூரி நூலகத்திலோ காந்தி அருங்காட்சியக நூலகத்திலோ கொடுத்து வையுங்கள்.